இரண்டாம் பக்கம், பதினான்காம் நிமிடம்

ரூனே காரை எடுத்துக்கொண்டான்,
கோடைக் குடிலில் பாதியையும், நல்ல கத்திகளையும்.
எனக்கு வந்தவை சமையலறை மேசை,
கோத்தன்பர்க்கின் மழை,
‘உப்புக் கடிகாரம்’ என்ற ஓர் இசைத்தட்டு.
"அதை நீயே வைத்துக்கொள்" என்றான்,
ஏதோ தானம் செய்கிறவன் மாதிரி.

பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட
அதன் இரண்டாம் பக்கத்தை அவன்
முடிவுவரை கேட்டதில்லை.
"இன்னுமா முடியவில்லை?"
இல்லை. இருபத்து மூன்று நிமிடம். ஒரே பாட்டு.
அவசரக்காரர்களுக்கென்று முதல் பக்கத்தில்
நாலு சின்னப் பாட்டுகள் உண்டு.
அவை எனக்குமே பிடிக்காது.

எழுபத்து நாலு, நவம்பர். டிராம் ஓட்டி வாங்கிய
முதல் சம்பளம். ஹாகாவில் ஒரு கடை.
உறைமேல் கலங்கரை விளக்கம்;
அதன் படிகள் வெளிப்புறமாய்ச் சுற்றிச் சுற்றி
உச்சிக்குப் போகாமல் கடலுக்குள் இறங்கின.
பின்னட்டையில் ஹல் துறைமுகத்துப் பையன்கள் ஐவர்.
ஒருவனும் சிரிக்கவில்லை.
டிரம்ஸ் வாசிப்பவனுக்கு மட்டும்
யாரோ பின்னித் தந்த ஸ்வெட்டர், கை நீளம் அதிகம்.

அதில் வயலின்கள் கேட்கும். வயலின்காரர் யாருமில்லை.
ஒரு பெட்டி. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில்
ஒரு துண்டு ஒலிநாடா,
எப்போதோ எவரோ வாசித்துவைத்த ஒற்றை ஸ்வரம்.
அழுத்தினால் எட்டு விநாடி வரும்.
பிறகு நாடா தீர்ந்துவிடும்;
விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும்.
வாசிப்பவன் மறைக்கத்தான் பார்க்கிறான்,
ஒரு கை ஓயுமுன் மறு கையை வைத்து.
நான் அந்தத் தையலுக்காகவே காத்திருப்பேன்.
இல்லாத அத்தனை பேரும்
சேர்ந்து மூச்சு வாங்கும் இடம் அது.

என் தடமும் இருபத்து மூன்று நிமிடம்.
கதவு மூடும், மனசுக்குள் ஊசி இறங்கும்.
தண்டவாள இணைப்புகள் ‘தகிட தகதிமி’ என்று
மூன்றும் நாலுமாய் ஏழு எண்ண,
கூட்டம் ஏறும், இறங்கும், குடை மறக்கும்.
ஒரு வருடம் நிர்வாகம் கடிதம் கொடுத்தது:
நேரந்தவறாமைக்குப் பாராட்டு, இங்கெயார்ட் லுண்டெல்.
நீளக் கை ஸ்வெட்டர்க்காரனுக்கல்லவா
போயிருக்க வேண்டும் அது.

பதினான்காம் நிமிடத்தில் பாலத்தின்மேல் இருப்பேன்.
முழக்கமெல்லாம் வடிந்து கிதார் மட்டும்
ஈரத்துணி சொட்டுவதுபோல் சொட்டும்போது
அவன் கையிலிருந்து ஒரு குச்சி நழுவுகிறது.
மரத்தரையில் இரண்டு துள்ளல், பிறகு உருளல்.
இடது கைக் குச்சி என்பது என் கணிப்பு.
அவன் நிறுத்தவில்லை. அவர்கள் அழிக்கவுமில்லை.
அந்தச் சுற்று முழுவதையும்
ஒற்றைக் கையாலேயே அடித்துக் கடக்கிறான்.
அவ்வளவு பெரிய கட்டடத்தில்
யாரோ குடியிருக்கிறார்கள் என்று
அங்கேதான் எனக்குத் தெரியும்.

இந்த மார்ச்சில், செவிப் பரிசோதனை.
"சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்"
என்றார் பர்வானே, கண்ணாடிக்கு அப்பாலிருந்து.
அழுத்தினேன். அழுத்தினேன்.
பிறகு நெடுநேரம் அழுத்த எதுவும் வரவில்லை.
தாளில் என் காதை வரைந்து காட்டினார்.
வலப்பக்கம் போகப் போக
கோடு படிப்படியாய்க் கீழே இறங்கிற்று.
இந்தப் படிகளை நான் பார்த்திருக்கிறேனே என்றேன்.
அவருக்குப் புரியவில்லை, அது அவர் பிழையுமில்லை.
"எத்தனை வருடம் டிராம் ஓட்டினீர்கள்?"
முப்பத்தெட்டு. திருப்பத்தில் சக்கரம் கிறீச்சிடும்,
அதுகூடச் சுருதியில் சேரும் என்று
ரசித்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல்
இரண்டாம் பக்கம் போட்டேன்.
ஜால்ரா போல மினுங்கும் தகடுகள் இல்லை.
வயலின்கள் ஒரு போர்வைக்கு அடியில்.
பதினான்காம் நிமிடம்.
குச்சி விழுந்திருக்கும். எனக்குக் கேட்கவில்லை.
ஆனால் மேசையில் தாளம் போட்ட
என் இடது கை
தானாகவே நின்றது.
வலது கை மட்டும் அந்தச் சுற்றைக் கடந்தது.

இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.